19 வயது மகனுக்கு அப்பாவே ஊற்றிக் கொடுக்கலாமா?

தென் மாவட்ட நகரம் ஒன்றிலிருந்து ஒரு தந்தை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவனுக்கு 19 வயது. வெளியூரில் விடுதியில் தங்கிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இளையவனுக்கு 16, பிளஸ் ஒன் மாணவன். பொங்கல் விடுமுறையில் நண்பர்களைப் பார்க்கப் போன மூத்தவன் இரவு 11 மணிக்கு பைக்கில் வீடு திரும்பியபோது வாயில் மது நெடி. மறுநாள் தந்தை கேட்டார். பையன் மறைக்கவில்லை. கல்லூரியில் சேர்ந்த பிறகு பழகியதாகவும், மாதத்தில் இரண்டு மூன்று முறை குடிப்பதாகவும் ஒப்புக்கொண்டான். கூடவே ஒரு கேள்வியும் கேட்டான்: "18 வயதில் ஓட்டுப் போடலாம், வண்டி ஓட்டலாம், ராணுவத்தில் சேர்ந்து உயிரையும் கொடுக்கலாம். ஒரு பீர் குடிக்க மட்டும் 21 ஆக வேண்டுமா? புதுச்சேரியில் 18 போதுமே. எல்லையைத் தாண்டியதும் எனக்கு மூளை வளர்ந்துவிடுமா?"

தந்தையால் பதில் சொல்ல முடியவில்லை. பிரான்சில் குடியேறிவிட்ட அவருடைய தம்பியிடம் பேசியபோது அவர் ஒரு யோசனை சொன்னார்: "இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். இங்கே சாப்பாட்டு மேசையிலேயே பிள்ளைகளுக்கு ஒயின் கொடுத்துப் பழக்குகிறார்கள். அதனால்தான் யாரும் வெறிகொண்டு குடிப்பதில்லை. மே மாதம் நான் ஊருக்கு வரும்போது மொட்டை மாடியில் உட்கார்ந்து நாமே பிள்ளைகளுக்குக் கொடுப்போம். பெரியவனுக்கு ஒரு பெக், சின்னவனுக்கு அரை டம்ளர் பீர். ருசி பார்த்துவிட்டால் மோகம் தீர்ந்துவிடும்." தந்தைக்கும் இது சரியாகப் பட்டது. மனைவிக்கோ ஆத்திரம். "பெற்றவனே ஊற்றிக் கொடுப்பானா?" என்று கேட்டவர், இப்போது கணவரிடம் பேசுவதில்லை. குடியை மறக்கடிக்கும் என்று விளம்பரம் வந்த ஒரு பொடியையும் வாங்கி வைத்திருக்கிறார். மகனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிட நினைக்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிறபோக்கில் இரண்டு செய்திகள். எழுதியவர் சனிக்கிழமை தோறும் வீட்டில் இரண்டு பெக் குடிப்பவர். அளவு மீறியதில்லை என்கிறார். அவருடைய அப்பா 52 வயதில் ஈரல் கெட்டு இறந்தவர், காரணம் குடி.

அவர் கேட்பவை மூன்று. 21 என்ற வயதுக்கு உண்மையிலேயே காரணம் இருக்கிறதா? வீட்டில் தன் கண் முன்னால் கொடுப்பது நல்லதா? இதனால் தனக்கோ மகனுக்கோ சட்டச் சிக்கல் வருமா?

அன்புள்ள ஐயா,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் உங்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறான். குடிநோய் சிகிச்சைக்கு வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்த வாய்ப்பைப் பல ஆண்டுகளுக்கு முன்பே இழந்தவை. கேட்டால் பொய்தான் வரும் என்று பெற்றோரும், சொன்னால் அடிதான் விழும் என்று பிள்ளையும் முடிவு செய்துவிட்ட பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். உங்கள் வீட்டில் அந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. நீங்கள் எடுக்கும் எந்த முடிவும் அதை மூடிவிடக் கூடாது.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். மே மாதத் திட்டத்தைக் கைவிடுங்கள். இரண்டு பிள்ளைகளுக்குமே கொடுக்காதீர்கள். இளையவனுக்குக் கொடுப்பது கடுமையான குற்றம். மூத்தவனுக்குக் கொடுப்பது, நீங்கள் எதிர்பார்க்கும் பலனுக்கு நேர் எதிரான பலனைத் தரக்கூடியது. ஆனால் "சட்டம் சொல்கிறது, அதனால் கூடாது" என்று மட்டும் சொன்னால் 19 வயதுப் பையன் ஏற்கமாட்டான், ஏற்கவும் வேண்டியதில்லை. அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதற்கு முழுப் பதில் தர முயல்கிறேன்.

18 ஆனால் எல்லாம் வந்துவிடுகிறதா?

பெரியவன் ஆவதற்கு ஒரே ஒரு வயது இருப்பதாக உங்கள் மகன் நினைக்கிறான். நம் சட்டங்களில் அப்படி ஒரு வயது கிடையாது. 50 சி.சி.க்கு மிகாத, கியர் இல்லாத வண்டியை 16 வயதில் ஓட்டலாம்; மற்ற பைக்குக்கும் காருக்கும் 18; லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு 20. வாக்களிக்க 18, அதுவும் 1988-இல் அரசியலமைப்பின் 61-ஆவது திருத்தம் வரும்வரை 21 ஆகத்தான் இருந்தது. ஓர் ஆண் திருமணம் செய்துகொள்ள 21. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் போட்டியிட 25. குடியரசுத் தலைவராக 35.

ஆக, 18 வயதில் ஓட்டுப் போடுகிறவன் 21 வரை திருமணம் செய்ய முடியாது, 25 வரை சட்டமன்ற வேட்பாளர் ஆக முடியாது. இதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு செயலிலும் எவ்வளவு ஆபத்து இருக்கிறது, தவறு நடந்தால் யார் பாதிக்கப்படுவார், எந்த வயதில் அந்த ஆபத்து குறைகிறது என்று பார்த்துத்தான் வயது வைக்கப்படுகிறது. பக்குவத்துக்கு மதிப்பெண் போடுவது அதன் நோக்கம் இல்லை.

புதுச்சேரியைப் பற்றி அவன் சொன்னது சரியே. அங்கே 18, தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23, டெல்லியில் 25. மது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்பதால் ஒவ்வொரு அரசும் தன் முடிவைத் தானே எடுத்திருக்கிறது. எனவே 21 என்பது அறிவியல் கண்டுபிடித்துக் கொடுத்த எண் என்று நான் வாதாட மாட்டேன். 20 ஆண்டு 364 நாள் ஆனவனுக்கும் 21 ஆனவனுக்கும் உடலில் வேறுபாடு கிடையாது. ஆனால் 16-க்கும் 21-க்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. 18-க்கும் 21-க்கும் இடையேயும் இருக்கிறது. ஆபத்து படிப்படியாகத்தான் குறைகிறது. எங்காவது கோடு போட்டாக வேண்டும் என்பதால் அரசுகள் போடுகின்றன. கோட்டின் இடம் மாறலாம். ஆபத்து இருப்பது மாறாது.

உங்கள் தம்பி சொன்ன "வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்" என்பதையும் திருத்த வேண்டும். ஆங்கிலேய அரசுக்குக் கள், சாராய வரியால் நல்ல வருமானம் வந்தது. மதுவுக்குத் தடை கேட்டவர்கள் விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர்கள். 1937-இல் ராஜாஜி தலைமையிலான அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. தடை தளர்ந்து, மீண்டும் இறுகி, மறுபடியும் தளர்ந்து, 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்குப் போனது நமக்குத் தெரிந்த கதை. கடை திறந்தபோது, 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக் கூடாது என்பதும் அதற்கான நிபந்தனைகளில் ஒன்றாக வந்தது. முழுத் தடை விலகிய இடத்தில் மிச்சமிருக்கும் பாதுகாப்புகளில் அது ஒன்று.

வயதைக் குறைத்துப் பார்த்தவர்கள் கண்டது

21 வயதுக்கான வலுவான காரணம் அமெரிக்கச் சாலைகளிலிருந்து கிடைத்தது. அங்கே 1971-இல் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைந்தது. வியட்நாம் போருக்கு 18 வயதில் அனுப்புகிறீர்களே, ஓட்டுரிமை இல்லையா என்ற கேள்வியின் விளைவு அது. உங்கள் மகன் சொல்லும் அதே வாதம் அடுத்து மதுவுக்கும் வைக்கப்பட்டது. 1970-களின் முதல் பாதியில் ஏறத்தாழ 29 மாநிலங்கள் மது வயதைக் குறைத்தன. சில ஆண்டுகளிலேயே அந்த மாநிலங்களில் இளைஞர்கள் ஓட்டிய வாகனங்களின் விபத்துகள் கூடுவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். சில மாநிலங்கள் வயதை மீண்டும் உயர்த்தின. அங்கே விபத்துகள் குறைந்தன. குறைத்தபோது ஏறி, உயர்த்தியபோது இறங்கியதால்தான் அந்தச் சான்றுக்கு இவ்வளவு மதிப்பு.

இன்னொரு சிக்கலும் அப்போது தெரிந்தது. ஒரு மாநிலத்தில் 21, பக்கத்து மாநிலத்தில் 18 என்றால், இளைஞர்கள் எல்லையைத் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு இரவில் காரை ஓட்டிக்கொண்டு திரும்பினார்கள். எல்லையோரச் சாலைகளில் மரணங்கள் குவிந்தன. அதனால்தான் 1984-இல் தேசிய அளவில் ஒரு சட்டம் வந்தது. வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு பிடித்துக்கொள்ளப்படும் என்றது அந்தச் சட்டம். தெற்கு டகோட்டா மாநிலம் எதிர்த்து வழக்குப் போட்டது. 1987-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் 21-க்கு வந்துவிட்டன. இந்த மது வயதுச் சட்டங்களால் 1975 முதல் 2017 வரை 30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் சாலைகளில் காப்பாற்றப்பட்டதாக அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை மதிப்பிடுகிறது.

புதுச்சேரி 18, தமிழ்நாடு 21 என்ற நிலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் திரும்பும் கல்லூரி மாணவர்களை நினைத்துப் பாருங்கள். புதுச்சேரியை உதாரணம் காட்டும் மகனிடம் நான் முதலில் கேட்பது, "அங்கே எதில் போனாய், எதில் திரும்பினாய்?" என்பதுதான். நீங்களும் கேளுங்கள்.

நியூசிலாந்தில் நடந்தது உங்கள் வீட்டுக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே 1999-இல் மது வாங்கும் வயது 20-லிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. விபத்தில் காயமடைவோர் எண்ணிக்கை 18, 19 வயதினரிடம் மட்டுமல்லாமல் 15 முதல் 17 வயதுவரை உள்ளவர்களிடமும் மோசமானது என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. சட்டம் அந்தச் சிறுவர்களுக்கு எதையும் அனுமதிக்கவில்லை. ஆனால் 18 வயதுக்காரனின் நண்பன் 17 வயதுக்காரன், அவனுடைய தம்பி 15 வயதுக்காரன். வாங்கும் வயது எதுவோ, குடிக்கும் வயது அதற்கு இரண்டு மூன்று ஆண்டு கீழே போய்விடுகிறது. 21 என்று வைத்தால் கசிவு 18, 19-இல் நிற்க வாய்ப்பு உண்டு. 18 என்று வைத்தால் அது பள்ளிக்கூடத்துக்குள் போய்விடும். உங்கள் மூத்தவனுக்கு 21 ஏன் என்ற கேள்விக்கு ஒரு பதில், பிளஸ் ஒன் படிக்கும் இளையவன்.

இளம் மூளைக்கு நேர்வது

நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதிதான் "போதும், நிறுத்து" என்று சொல்லும் பகுதி. அது முழு வளர்ச்சி பெற 20-களின் நடுப்பகுதி வரை ஆகிறது. கிளர்ச்சியையும் பரிசையும் நாடும் பகுதிகள் பதின்பருவத்திலேயே சுறுசுறுப்பாகிவிடுகின்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒருவன் அறிவாளியாக இருக்கலாம், தேர்வில் முதலிடம் பெறலாம். நண்பர்கள் சூழ்ந்திருக்கும்போது தன்னை நிறுத்திக்கொள்ளும் திறன் மட்டும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மது முதலில் தளர்த்துவதும் அந்தத் திறனைத்தான்.

இன்னொன்றைப் பெற்றோர் அதிகம் அறிவதில்லை. பெரியவர்களுக்குக் குடித்தால் தூக்கம் வரும், கால் தள்ளாடும். அதுவே ஒரு எச்சரிக்கையாகிப் பலரை நிறுத்திவிடும். இளம் வயதில் இந்த எச்சரிக்கை பிந்தித்தான் வருகிறது. ஆனால் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி எளிதில் பாதிக்கப்படுகிறது. இதற்கான தெளிவான சான்றுகள் பெரும்பாலும் எலிகளிடம் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தவை; பிள்ளைகளுக்கு மது கொடுத்துச் சோதிப்பது அறமில்லை என்பதால் அப்படித்தான் அறிய முடிகிறது. "நான் எவ்வளவு குடித்தாலும் நிதானமாக இருப்பேன்" என்று ஒரு 19 வயதுப் பையன் பெருமைப்பட்டால் அது பலம் இல்லை. அவனுக்கு நிறுத்தச் சொல்லும் மணி தாமதமாக அடிக்கிறது.

குடி தொடங்கும் வயதுக்கும் பின்னாளைய அடிமைத்தனத்துக்கும் தொடர்பு இருக்கிறது. 1997-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள். 20 வயதிலோ அதற்குப் பின்னரோ தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொடங்குகிறவர்களுக்கு வேறு சிக்கல்களும் இருக்கலாம் என்பதால் வயதுதான் முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் நான்கு மடங்கு வித்தியாசத்தை ஒரு தகப்பன் அலட்சியம் செய்யக் கூடாது.

உங்கள் குடும்பத்தில் இது இன்னும் முக்கியம். குடிக்கு அடிமையாகும் தன்மையில் ஏறத்தாழ பாதி பரம்பரையால் வருகிறது. உங்கள் அப்பாவின் மரணத்தைக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது நடுப்பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி. நீங்கள் இரண்டு பெக்கோடு நிறுத்திக்கொள்வது உங்களுக்கு வாய்த்திருக்கிறது. அதே கட்டுப்பாடு உங்கள் இரண்டு மகன்களுக்கும் வாய்க்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. தாத்தாவின் கதையை மூத்தவனிடம் முழுதாகச் சொல்லியிருக்கிறீர்களா? மஞ்சள் காமாலை என்று மட்டும் சொல்லி வளர்த்திருந்தால், இப்போது உண்மையைச் சொல்லுங்கள்.

பிரான்சு நாட்டு மேசையும் நம் மொட்டை மாடியும்

உங்கள் தம்பி மனதாரத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் பார்ப்பது படத்தின் ஒரு மூலை. பிரான்சில் ஒரு காலத்தில் பள்ளி உணவுக்கூடத்திலேயே சிறுவர்களுக்கு ஒயின் கொடுத்தார்கள். 1956-இல் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அதை நிறுத்தியது அந்த நாட்டு அரசுதான். 2009-இல் மது விற்பனைக்கான வயதை 16-லிருந்து 18 ஆக உயர்த்தியதும் அதே நாடுதான். மேசையில் பழக்கிய நாட்டில் சிக்கலே இல்லை என்றால் இவை தேவைப்பட்டிருக்காது. 2015-இல் மட்டும் அங்கே மதுவால் ஏறத்தாழ 41,000 பேர் இறந்ததாக அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு கணக்கிட்டது.

அளவையும் பாருங்கள். உணவோடு குடிக்கும் ஒரு சிறு கோப்பை ஒயின் 125 மில்லி, 12 சதவீத ஆல்கஹால்; அதில் சுமார் 12 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. நம் கடையில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லியில், ஏறத்தாழ 60 கிராம். ஐந்து கோப்பை ஒயின் ஒரு சிறு பாட்டிலுக்குள். "பீர்தானே" என்பதும் அப்படித்தான். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 40 கிராம் இருக்கிறது. மூன்று கோப்பைக்கும் மேல். நம் ஊரில் இளைஞர்கள் குடிக்கும் விதமும் வேறு. சாப்பாட்டோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டு குடிப்பது அரிது. வெறும் வயிற்றில், யாரும் பார்ப்பதற்குள், வேகமாக. உங்கள் மாடியில் நீங்கள் கற்றுக்கொடுக்க நினைக்கும் நிதானம், விடுதி அறையில் காத்திருக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

பெற்றோர் கொடுத்தால் பிள்ளைகள் அளவோடு நிற்பார்களா என்பதை ஆஸ்திரேலியாவில் நேரடியாகவே ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ 1,900 பதின்பருவத்தினரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018-இல் வெளியானது. பெற்றோர் கொடுத்ததால் பாதுகாப்பு கிடைத்ததற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. மாறாக, அந்தப் பிள்ளைகள் அடுத்த ஆண்டில் வெளியாட்களிடமிருந்தும் மது பெறுவது கூடியது. ஒரே அமர்வில் அதிகமாகக் குடிப்பதும் கூடியது. வீட்டில் கிடைத்ததை அவர்கள் ஒத்திகையாக எடுத்துக்கொள்ளவில்லை, அனுமதியாக எடுத்துக்கொண்டார்கள்.

சட்டம் உங்களை எங்கே பிடிக்கும்

இளையவனைப் பற்றி முதலில். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 77-ஆவது பிரிவு: 18 வயது நிறையாத எவருக்கும் மது கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தகுதியுள்ள மருத்துவரின் உத்தரவுக்கு மட்டுமே விலக்கு உண்டு. தகப்பன் கொடுத்தால், சித்தப்பா கொடுத்தால் என்ற விலக்கு எதுவும் இல்லை. அரை டம்ளர் என்பதும் விலக்கு ஆகாது. அடுத்த பிரிவான 78, மது விற்கவோ கொண்டுபோகவோ சிறுவரைப் பயன்படுத்துவதையும் அதே அளவு தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. "தம்பி, அந்தப் பையை எடுத்துக்கொண்டு வா" என்று கடை வாசலிலிருந்து அனுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு; அதையும் விட்டுவிடுங்கள்.

மூத்தவன் 18 தாண்டியவன் என்பதால் 77-ஆவது பிரிவு அவனுக்குப் பொருந்தாது. 21 வயது விதி முதன்மையாகக் கட்டுப்படுத்துவது கடைக்காரரையும் பார் நடத்துபவரையும்தான். அவன் குடித்தது தெரிந்தால் போலீஸ் வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டு போகும் என்ற பயம் தேவையற்றது. அவனுக்கு உண்மையான வழக்கு வரக்கூடிய இடங்கள் வேறு: பொது இடத்தில் போதையில் நடமாடுவது, புதுச்சேரிப் பாட்டில்களை எல்லை தாண்டிக் கொண்டுவருவது, எல்லாவற்றுக்கும் மேலாக வண்டி ஓட்டுவது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு பாயும். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பொங்கல் இரவில் அவன் பைக்கில் வந்தான் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்திருக்கிறீர்கள். அந்த இரவில் நடந்த மிகப் பெரிய ஆபத்து அதுதான், நெடி அல்ல.

அந்தப் பொடியைப் பற்றி

உங்கள் மனைவியிடம் இதை இன்றே காட்டுங்கள். அம்மா, உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. மதுவைக் கொடுக்கக் கூடாது என்பதில் நீங்கள் சொன்னதே சரி. ஆனால் அந்தப் பொடியைக் கலக்காதீர்கள். இப்படி விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று தெரியாது. டைசல்ஃபிராம் போன்ற மருந்து கலந்திருந்தால், அதை அறியாமல் மகன் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அந்த மருந்தை நாங்கள் நோயாளிக்கு விளக்கி, சம்மதம் பெற்று, கண்காணிப்பில் மட்டுமே தருகிறோம். சாம்பாரில் எதையோ கலந்தார்கள் என்று பிறகு அவனுக்குத் தெரிந்தால், வீட்டுச் சாப்பாட்டின் மீதிருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

மூத்தவனிடம் எப்படிப் பேசுவது

அவன் நிதானமாக இருக்கும் ஒரு நாளில், தம்பி அருகில் இல்லாதபோது, இருவரும் வெளியே நடந்துபோய்ப் பேசுங்கள். சாமி படத்தின் முன் நிறுத்திச் சத்தியம் வாங்காதீர்கள். மீறிய அடுத்த நாள் முதல் அவன் பொய் சொல்ல ஆரம்பிப்பான். எப்போது, யாரோடு, எவ்வளவு, எதற்காக என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் குறுக்கிடாமல் இருங்கள். முந்தைய இரவு நடந்தது நினைவில்லாமல் போன அனுபவம் உண்டா என்று அவசியம் கேளுங்கள்.

பிறகு உங்கள் நிலையைத் தெளிவாகச் சொல்லுங்கள். 21 வரை நான் உனக்குக் கொடுக்கமாட்டேன், அதற்குப் பணமும் தரமாட்டேன், தம்பிக்கு நீ பழக்கக் கூடாது. இவை மூன்றும் விட்டுக்கொடுக்க முடியாதவை. அதோடு ஒரு வாக்கும் கொடுங்கள்: நீயோ வண்டி ஓட்டுகிற உன் நண்பனோ குடித்திருந்தால், எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு, வெளியூரில் இருந்தால் ஆட்டோவுக்கு உடனே பணம் அனுப்புவேன், அன்று இரவு ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். இந்த வாக்கு குடிக்க அனுமதி கொடுத்ததாகாதா என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். ஆகாது. நீங்கள் விரும்பாததை அவன் செய்தாலும் அவன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பது வேறு விஷயம்.

விடுதியில் நண்பன் ஒருவன் அளவுமீறிக் குடித்து எழுப்பினாலும் எழாமல் கிடந்தால் என்ன செய்வது என்றும் சொல்லிவையுங்கள். "தூங்கினால் சரியாகிவிடும்" என்று விட்டுப் போகக் கூடாது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து யாராவது கூடவே இருக்க வேண்டும். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றக் கூடாது. புரையேறி மூச்சு அடைத்துவிடும். மூச்சு மெதுவாகிறது, உதடு நீலம் பூக்கிறது, தட்டினாலும் அசைவில்லை, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே 108. கல்லூரியில் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் தாமதித்து இழந்த பிள்ளைகள் உண்டு.

உங்கள் சனிக்கிழமையைப் பற்றியும் அவன் கேட்பான். கேட்காவிட்டாலும் நினைப்பான். "நான் 21 தாண்டியவன்" என்ற பதில் சட்டப்படி சரி, ஆனால் போதாது. எந்த அளவும் உடலுக்கு முழுப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. அது உங்களுக்கும் பொருந்தும். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாட்களில் மட்டுமாவது பாட்டிலை எடுக்காமல் இருந்து பாருங்கள். அது உங்களுக்குச் சிரமமாக இருந்தால், அந்தச் சிரமத்தையும் கவனியுங்கள்.

மே மாதம் உங்கள் தம்பி வருவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள். மாடியில் வைத்து விவாதிக்க வேண்டாம். "சின்னவனுக்குக் கொடுத்தால் ஏழு ஆண்டு சிறை, பெரியவனுக்கு நான் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்" என்று இரண்டே வாக்கியம் போதும். மனைவியிடமும் அதற்கு முன்பே சொல்லுங்கள். அவர் உங்களோடு பேசாமல் இருப்பதற்கான காரணம் அதோடு நீங்கிவிடும்.

மூத்தவன் இப்போது குடிப்பது கவலைக்குரியது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது இன்னும் நோயாகிவிடவில்லை. தனியாகக் குடிப்பது, காலையில் குடிப்பது, நினைவு அறுந்துபோவது, கடன் வாங்குவது, அரியர் கூடுவது, குடிக்காத நாளில் கை நடுங்குவது அல்லது தூக்கம் கெடுவது, இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை கிடைக்கும். போதைப் பழக்கம் பற்றிப் பேச 14446, மனநல ஆலோசனைக்கு 14416, தமிழ்நாட்டின் மருத்துவ ஆலோசனை எண் 104. மூன்றுமே கட்டணமில்லா எண்கள். முதல் அழைப்பை அவனே செய்ய விரும்பினால், போனைக் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.